மேரி வர்கீஸும் என் மாமாவின் கால்களும்

1979-ஆம் ஆண்டு கோடையில் என் தாய்மாமா கிணற்றில் விழுந்தார். திருவேங்கடத்தைச் சுற்றியுள்ள கரிசல் காட்டுக் கிணறுகள் ஆழமானவை. கோடையில் தண்ணீர் அடிமட்டத்துக்குப் போய்விடும். மோட்டாரின் குழாயைச் சரிசெய்ய இறங்கியவரின் காலடியில் படிக்கல் பெயர்ந்தது. கயிற்றுக் கட்டிலில் படுக்கவைத்து, மாட்டு வண்டியில் ஏற்றிச் சாலைக்குக் கொண்டுவந்தார்கள். அப்போது அவருக்கு 34 வயது, எனக்கு 12.

நகரத்து மருத்துவமனை ஒன்றில் சில வாரங்கள் வைத்திருந்தார்கள். முதுகெலும்பு முறிந்துவிட்டது, இனி செய்வதற்கு ஒன்றுமில்லை என்று சொல்லி வீட்டுக்கு அனுப்பினார்கள். இடுப்புக்குக் கீழே உணர்வும் இல்லை, அசைவும் இல்லை. எண்ணெய் தேய்த்தோம், எலும்பு வைத்தியரை அழைத்தோம். பாட்டி சங்கரன்கோவிலுக்குப் போய்ப் புற்றுமண் கொண்டுவந்து இரு கால்களிலும் பூசினார்.

மூன்றாவது மாதத்தில் ஒருநாள் காலை, போர்வையை விலக்கியபோது மாமாவின் வலது கால் திடீரென்று மடங்கி உதறியது. வீடே கூடிவிட்டது. மறுநாளும் உதறியது, அடுத்த நாள் இரண்டு கால்களும் உதறின. உயிர் திரும்புகிறது என்று பாட்டி அழுதார். வெள்ளியில் கால் உருவம் செய்து கோயிலில் செலுத்துவதாக வேண்டிக்கொண்டார். அன்று நாங்கள் கவனிக்கத் தவறியது அவருடைய இடுப்பின் அடியில் இருந்தது. உணர்வில்லாத தோலில் கயிற்றுக் கட்டிலின் முடிச்சுகள் அழுத்தி அழுத்திப் புண்ணாகியிருந்தன. அந்தப் புண் எலும்புவரை போனது. அடுத்த ஆடி மாதத்துக்குள் மாமா இறந்துபோனார்.

கால் உதறியதற்கும் உயிர் திரும்புவதற்கும் தொடர்பில்லை என்பதை நான் அறிந்தது பல ஆண்டுகளுக்குப் பிறகு. பணி நிமித்தம் வேலூரில் இருந்தபோது, நூலகத்தில் ஒரு மருத்துவரின் வாழ்க்கை வரலாறு கையில் கிடைத்தது. டோரதி கிளார்க் வில்சன் என்ற அமெரிக்க எழுத்தாளர் 1963-இல் வெளியிட்ட நூல் அது. அதில் வந்த மருத்துவர் மேரி வர்கீஸ். என் மாமாவுக்கு நேர்ந்ததே அவருக்கும் நேர்ந்திருந்தது. அதற்குப் பிறகு அவர் முப்பது ஆண்டுகளுக்கும் மேலாக வாழ்ந்தார். அந்த வாழ்நாளுக்குள் இந்தியாவில் ஒரு மருத்துவத் துறைக்கே அடித்தளம் இட்டார்.

மேரி 1925-ஆம் ஆண்டு மே 26-ஆம் நாள் கொச்சிக்கு அருகே செராயில் பிறந்தார். வசதியும் மதிப்பும் நிறைந்த நிலவுடைமைக் கிறிஸ்தவக் குடும்பம். எர்ணாகுளம் மகாராஜா கல்லூரியில் படித்துவிட்டு, 1940-களின் நடுவில் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தார். ஐடா ஸ்கடர் 1900-இல் ஒற்றைப் படுக்கையுடன் தொடங்கிய மருத்துவமனை அப்போது தென்னிந்தியாவின் முதன்மையான மருத்துவ நிலையங்களில் ஒன்றாக வளர்ந்திருந்தது. பெண்களுக்கு மருத்துவம் பார்க்கப் பெண்களே வரவேண்டும் என்பது அந்த நிறுவனத்தின் தொடக்க நோக்கம். மேரியும் மகப்பேறு, மகளிர் நோய் மருத்துவத்தையே தேர்ந்தெடுத்தார். பட்டம் பெற்று, அத்துறையில் பயிற்சி மருத்துவராகப் பணியாற்றத் தொடங்கியிருந்தார். முன்னே ஒரு நேரான பாதை தெரிந்தது.

1954-இல் சக மருத்துவர்களுடன் சென்ற ஓர் உல்லாசப் பயணத்தில் வண்டி கவிழ்ந்தது. மேரிக்கு அப்போது முப்பது வயதுகூட ஆகவில்லை. முகத்தில் ஆழமான காயம். அதன் வடு கடைசிவரை மறையவில்லை. அதைவிடப் பெரிய காயம் முதுகுத் தண்டில். இடுப்புக்குக் கீழே எல்லாம் செயலிழந்தன.

இந்த இடத்தில் தண்டுவடம் என்பது என்ன என்று சற்று நின்று பார்க்க வேண்டும். அதை மூளையிலிருந்து கால்வரை போகும் ஒரு கம்பி என்றே நம்மில் பலரும் நினைக்கிறோம். கம்பி அறுந்தால் விளக்கு அணையும், கதை முடிந்தது. உண்மை அப்படியில்லை. தண்டுவடத்துக்குள் நரம்பணுக்கள் தமக்குள் பின்னிக்கொண்டு தனித்தனிச் சுற்றுகளாக இயங்குகின்றன. பிறந்து சில நாள்களே ஆன குழந்தையை நிமிர்த்திப் பிடித்து, பாதம் தரையில் படும்படி வைத்தால் அது நடப்பதுபோலக் கால்களை மாற்றி மாற்றி எடுத்துவைக்கும். எந்தத் தாயும் இதைப் பார்த்திருப்பார். அதைச் செய்வது குழந்தையின் விருப்பமன்று. கருவிலேயே உருவாகிவிட்ட கீழ்மட்ட நரம்புச் சுற்றுகள். மூளையிலிருந்து இறங்கிவரும் நீண்ட இழைகள் அந்தச் சுற்றுகளோடு இணைந்து, மேலுறை பெற்று முதிர்ச்சியடைய மாதக்கணக்கில் ஆகும். அதனால்தான் தானாக நடக்கக் குழந்தைக்கு ஏறத்தாழ ஓராண்டு தேவைப்படுகிறது. மூளையிலிருந்து துண்டிக்கப்பட்ட தண்டுவடமும் நடையின் தாளத்தைத் தானே உண்டாக்க வல்லது என்பதை கிரஹாம் பிரவுன் என்ற ஆய்வாளர் 1911-லேயே விலங்குகளிடம் காட்டியிருந்தார்.

தண்டுவடம் முறிந்தவரின் உடலில், காயத்துக்குக் கீழே உள்ள அந்தச் சுற்றுகள் சாவதில்லை. முதல் சில வாரங்கள் அதிர்ச்சியில் மௌனமாகக் கிடக்கும்; பிறகு விழித்துக்கொள்ளும். ஆனால் மேலிருந்து அவற்றை அடக்கவும் நெறிப்படுத்தவும் ஆணை வருவதில்லை. போர்வை உரசினாலும், சிறுநீர்ப்பை நிரம்பினாலும் கால் தானே உதறும், மடங்கும், விறைக்கும். என் பாட்டி கண்ணீரோடு பார்த்தது இதைத்தான். சில வேளைகளில் அந்த உதறல் ஓர் எச்சரிக்கை: உடல் உணராத எங்கோ ஒரு புண் இருக்கிறது என்பதன் அறிகுறி. எங்களுக்கு அதைப் படிக்கத் தெரியவில்லை.

மேரி மருத்துவர், அவரைச் சுற்றி மருத்துவர்கள். ஆயினும் 1954-இன் மருத்துவ அறிவு அவருக்குப் பெரிய நம்பிக்கை எதையும் தந்துவிடவில்லை. முதல் உலகப் போரில் தண்டுவடக் காயமடைந்த வீரர்களில் பெரும்பாலோர் சில வாரங்களிலோ மாதங்களிலோ இறந்தனர். அவர்களைக் கொன்றவை பெரும்பாலும் படுக்கைப்புண்ணும் சிறுநீரகத் தொற்றும்தான். இரண்டாம் உலகப் போரின்போது, 1944-இல், இங்கிலாந்தின் ஸ்டோக் மாண்டெவில் மருத்துவமனையில் லுட்விக் குட்மன் என்ற நரம்பியல் மருத்துவர் தண்டுவடக் காயப் பிரிவைத் தொடங்கினார். அவர் கையாண்ட முறைகள் எளியவை. இரவும் பகலும் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை நோயாளியைத் திருப்பிப் படுக்கவைக்க வேண்டும். சிறுநீர்ப்பையைச் சுத்தமாகக் காலி செய்ய வேண்டும். மூட்டுகள் இறுகாமல் அசைத்துக் கொடுக்க வேண்டும். கைகளுக்கு வலுவேற்றி எழுப்பி உட்காரவைக்க வேண்டும். நோயாளிகள் பிழைத்தார்கள். வேலைக்குப் போனார்கள். அவர்களுக்காக 1948-இல் அவர் நடத்திய விளையாட்டுப் போட்டிகளே இன்றைய பாராலிம்பிக்கின் வித்து. இந்த அறிவு அப்போது இந்தியாவில் எங்கும் ஒரு துறையாக நிலைபெற்றிருக்கவில்லை.

மேரியின் வாழ்க்கையைத் திருப்பியவர் பால் பிராண்ட். நம்முடைய கொல்லிமலையில் 1914-இல் மறைப்பணியாளர்களின் மகனாகப் பிறந்து, இங்கிலாந்தில் அறுவை மருத்துவராகி, 1946-இல் வேலூர் வந்தவர். தொழுநோயாளிகளின் விரல்கள் அழுகி உதிர்வது நோயின் இயல்பு என்று உலகம் நம்பியிருந்தது. நரம்பு செத்து உணர்விழந்த கை, சுடுவதையும் வெட்டுவதையும் அறியாமல் தன்னைத் தானே அழித்துக்கொள்கிறது என்று அவர் கண்டறிந்தார். நோய் விரல்களைத் தின்பதில்லை. வலி இல்லாமையே அவற்றைப் பறிக்கிறது.

தொழுநோய் பெரும்பாலும் முழங்கையின் உட்புறம் ஓடும் நரம்பைத் தாக்குகிறது. உள்ளங்கையின் சிறு தசைகள் செயலிழந்து விரல்கள் நகம்போல் வளைந்து மடங்கிவிடுகின்றன. அந்தக் கையால் உணவைப் பிசைந்து வாய்க்குக் கொண்டுபோக முடியாது. ஆனால் முன்கையில் உள்ள பல தசைகள் நல்ல நிலையில் இருக்கும். அவற்றின் நரம்புகளை நோய் தொடுவதில்லை. பிராண்டும் அவருடைய குழுவினரும் அத்தகைய தசை ஒன்றின் நாணை எடுத்து, உள்ளங்கை வழியாகச் செலுத்தி, விரல்களில் தைத்தார்கள். செத்த நரம்புக்கு அவர்கள் உயிர் கொடுக்கவில்லை. உயிரோடு இருக்கும் ஒன்றைப் புதிய வேலைக்கு அமர்த்தினார்கள்.

அறுவையோடு வேலை முடிவதில்லை. கட்டைப் பிரித்த பிறகு நோயாளி பழைய அசைவை நினைக்கிறார். புதிய அசைவு நிகழ்கிறது. மணிக்கட்டையோ விரல் நுனியையோ இயக்கப் பழகியிருந்த தசை இப்போது வேறோர் இடத்தில் இழுக்கிறது. நாள்தோறும் பயிற்சி செய்யச் செய்ய, மூளை அந்தத் தசையின் புதிய முகவரியைக் கற்றுக்கொள்கிறது. சில வாரங்களில் அவர் யோசிக்காமலே விரலை நீட்டுகிறார். வளர்ந்த மனிதரின் நரம்பு மண்டலமும் தன் சுற்றுகளை மாற்றி அமைக்கும் என்பதற்கு வேலூரின் அந்தப் பயிற்சிக் கூடம் அன்றாடச் சான்றாக இருந்தது.

கை அறுவையில் மருத்துவர் நின்றுகொண்டிருக்கத் தேவையில்லை. நோயாளியின் கையைச் சிறு மேசையில் நீட்டிவைத்து, உட்கார்ந்தே செய்யும் அறுவை அது. மேரிக்குக் கால்கள் இல்லாமல் போனாலும் கைகள் இருந்தன. அறுவை மருத்துவரின் பயிற்சியும் இருந்தது. சக்கர நாற்காலியில் அமர்ந்து அவர் இந்த அறுவையைக் கற்கலாம் என்று பிராண்ட் எடுத்துக்காட்டினார். உட்கார்ந்திருப்பதே போராட்டமாக இருந்த காலத்தில் அது எளிதில் நம்பக்கூடிய யோசனையாக இருந்திருக்காது. தொடையும் இடுப்பும் எங்கே இருக்கின்றன என்ற செய்தியே மூளைக்கு வராதபோது, சாயாமல் உட்காருவதற்குக் கண்ணையும் தோளையும் மட்டுமே நம்ப வேண்டும். மேரி அதைப் பழகினார். சக்கர நாற்காலியில் அறுவை அரங்குக்குள் சென்றார். நூற்றாண்டுகளாக ஊருக்கு வெளியே ஒதுக்கப்பட்ட மனிதர்களின் மடங்கிய விரல்களை, தன் கால்களை அசைக்க முடியாத ஒரு பெண் நிமிர்த்திக் கொடுத்தார்.

அவர்களுக்கும் அவருக்கும் இடையில் இருந்த ஒற்றுமையை நான் பலமுறை எண்ணிப் பார்த்திருக்கிறேன். அவர்களின் கைகளும் அவருடைய கால்களும் வலியை இழந்தவை. வெந்நீர் சுடாது, ஆணி குத்தாது. தோலைக் கண்ணால் பார்த்துப் பார்த்தே காப்பாற்ற வேண்டும். தன் நோயாளிகளுக்கு அவர் கற்றுக்கொடுத்த ஒவ்வொன்றையும் அவர் தன் உடலில் முதலில் பழகியிருந்தார்.

வெட்டுப்பட்ட நரம்பு மீண்டும் வளருமா என்ற கேள்விக்கு உடல் இரண்டு விடைகள் வைத்திருக்கிறது. கையிலும் காலிலும் ஓடும் நரம்பு அறுந்தால், அதன் இழை நாளொன்றுக்கு ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர் வளர்ந்து பழைய இடத்தைத் தேடிப் போகும். முழங்கையிலிருந்து விரல் நுனிவரை போய்ச்சேர ஓராண்டுக்கு மேல் ஆகலாம். ஆனாலும் வழி திறந்திருந்தால் போய்ச்சேரும். மூளையிலும் தண்டுவடத்திலும் அப்படி நிகழ்வதில்லை. ஸ்பெயின் நாட்டு அறிஞர் ரமோன் இ கஹால் 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நுண்ணோக்கியின் கீழ் இதைப் பொறுமையாகக் கண்டு பதிவு செய்தார். அறுபட்ட இழைகள் சிறிது தூரம் முளைவிடுகின்றன, பிறகு நின்றுவிடுகின்றன. கருவில் வழிதேடி வளர்ந்த அதே இழைகள், வளர்ந்த உடலில் தயங்கி நிற்கின்றன. அவர் வகுத்த இந்த எல்லையே அரை நூற்றாண்டுக்கு மேல் மருத்துவத்தின் தீர்ப்பாக இருந்தது.

மேரி அந்தத் தீர்ப்போடு வாதாடவில்லை. நரம்பு வளராது என்றால், வளராத நரம்போடு ஒரு மனிதர் எப்படி முழுமையாக வாழ்வது என்ற கேள்வியை எடுத்துக்கொண்டார். அதற்கு விடை தேடி முதலில் ஆஸ்திரேலியாவின் ராயல் பெர்த் மருத்துவமனைக்குச் சென்று பயிற்சி பெற்றார். கட்டிலிலிருந்து நாற்காலிக்கும் நாற்காலியிலிருந்து வண்டிக்கும் பிறர் தூக்காமல் மாறுவது எப்படி என்பது போன்ற பாடங்கள் அவை. புத்தகத்தில் அவற்றை ஒரு வரியில் சொல்லிவிடலாம். உடம்பு கற்றுக்கொள்ள மாதங்கள் ஆகும்.

பிறகு நியூயார்க். போர்க்கால வீரர்களுக்கான மறுவாழ்வு மருத்துவத்தில் பெயர்பெற்ற ஹோவர்ட் ரஸ்க் அங்கு நடத்திவந்த நிறுவனத்தில் உதவித்தொகை பெற்றுச் சேர்ந்தார். நோயாளியாகக் கற்றதை அங்கே மருத்துவராகக் கற்றார். எந்தத் தசை எஞ்சியிருக்கிறது என்று அளப்பது, எஞ்சியதை வலுவாக்குவது, சிறுநீரகத்தைக் காப்பது, தாங்குகருவிகளைப் பொருத்துவது, மனம் தளர்ந்தவரை மீண்டும் ஒரு தொழிலுக்குக் கொண்டுவருவது எல்லாம் சேர்ந்த ஒரு துறை அது. அங்கேயே தங்கியிருந்தால் அவருடைய உடலுக்கு எல்லாமே எளிதாக இருந்திருக்கும். சாய்தளங்களும் மின்தூக்கிகளும் உள்ள நாடு அது. அவர் வேலூருக்குத் திரும்பினார்.

1963-இல் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியின் உடலியல் மருத்துவ, மறுவாழ்வுத் துறைக்கு அவர் தலைமையேற்றார். 1966-இல் வேலூர் பாகாயத்தில், நோயாளிகள் மாதக்கணக்கில் தங்கிச் சிகிச்சை பெறும் மறுவாழ்வு நிறுவனம் திறக்கப்பட்டது. நாட்டிலேயே அத்தகைய முதல் நிலையம் அது. இந்திய அரசு 1972-இல் அவருக்குப் பத்மஸ்ரீ விருது வழங்கியது. 1976-இல் ஓய்வுபெற்ற பின்னரும் வேலூரிலேயே இருந்தார். 1986 டிசம்பரில் மறைந்தார். இன்று அந்த நிறுவனம் அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது.

ஆண்டுகளைச் சொல்வது எளிது. அந்த நிறுவனம் என்ன செய்தது என்பதே முக்கியம். மேலைநாட்டு மறுவாழ்வு மருத்துவம் சமதளத் தரையையும் அகலக் கதவையும் மேற்கத்தியக் கழிப்பறையையும் முன்வைத்து உருவானது. வேலூருக்கு வந்தவர்களோ பனையிலிருந்து விழுந்தவர்கள், கிணறு வெட்டும்போது அடிபட்டவர்கள், மூட்டை சரிந்து நசுங்கியவர்கள். அவர்களின் வீட்டில் மண்தரை, வாசலில் இரண்டு படி, கழிப்பறை வெட்டவெளி. இங்கே மறுவாழ்வு என்றால் அந்த வீட்டில் வாழக் கற்பிப்பதாக இருக்க வேண்டும். பெரும் கருவிகளை நம்பியிருக்க முடியாது. நோயாளியோடு தங்கியிருக்கும் தாயும் மனைவியும் தம்பியும் சிகிச்சையின் பங்காளிகள் ஆகவேண்டும். எத்தனை மணிக்குத் திருப்பிப் படுக்கவைப்பது, தோலில் எந்த இடத்தை நாள்தோறும் பார்ப்பது, சிறுநீர்க் குழாயை எப்படிச் சுத்தம் செய்வது என்பதை அவர்கள் கையாலேயே செய்து பழகிவிட்டு ஊருக்குப் போகவேண்டும். சிகிச்சை முடித்துச் சென்றவர்கள் ஆண்டுதோறும் திரும்பிவந்து கூடும் விழா இன்றும் வேலூரில் நடக்கிறது. சக்கர நாற்காலிகளில் வந்து பந்தயம் விடுகிறார்கள், பாடுகிறார்கள். புதிதாக அடிபட்டுப் படுக்கையில் இருப்பவர் அதைப் பார்த்துக்கொண்டிருப்பார். தான் என்னவாக ஆகலாம் என்பதை அன்று அவர் நேரில் காண்கிறார்.

அந்த நிறுவனம் திறந்து 13 ஆண்டுகள் ஆனபிறகுதான் என் மாமா கிணற்றில் விழுந்தார். இந்தக் கணக்கைப் போட்ட நாளில் எனக்குத் தூக்கம் வரவில்லை. அவரைக் காப்பாற்றப் புதிய கண்டுபிடிப்பு எதுவும் தேவைப்பட்டிருக்கவில்லை. இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை திருப்பிப் படுக்கவையுங்கள், கயிற்றுக் கட்டில் வேண்டாம் என்று ஒருவர் சொல்லியிருந்தால் போதும். எங்கள் வீட்டில் அதைச் செய்ய ஆள் இருந்தது. அத்தை இரவெல்லாம் விழித்தே இருந்தார். என்ன செய்யவேண்டும் என்பதுதான் அவருக்குத் தெரியவில்லை.

மேரியின் இறுதிக் காலத்திலேயே கஹாலின் தீர்ப்பு ஆட்டம் காணத் தொடங்கியது. 1980-களின் தொடக்கத்தில் கனடாவின் மாண்ட்ரியலில் ஆல்பர்ட் அகுவாயோ குழுவினர், கால் நரம்பின் ஒரு துண்டை எலியின் தண்டுவடத்தோடு ஒட்டவைத்தபோது, மைய நரம்பு மண்டலத்தின் இழைகள் அதற்குள் நீண்டு வளர்வதைக் கண்டார்கள். இழைக்கு வளரும் ஆற்றல் அடியோடு அற்றுப்போய்விடவில்லை. அது வாழும் சூழல் அதைத் தடுக்கிறது என்பது தெளிவாயிற்று. நரம்பிழையின் மேலுறையில் உள்ள சில புரதங்கள் வளர்ச்சியை நிறுத்துகின்றன என்பதும், காயத்தைச் சுற்றி உருவாகும் தழும்பு குறுக்கே நிற்கிறது என்பதும், முதிர்ந்த நரம்பணு தன் வளர்ச்சி மரபணுக்களை அடக்கி வைத்திருக்கிறது என்பதும் அடுத்தடுத்து அறியப்பட்டன. நம் நாட்டு நீரோடைகளில் துள்ளும் விரலளவு வரிக்குதிரை மீனின் தண்டுவடத்தை வெட்டினால், அது ஆறு முதல் எட்டு வாரங்களில் மீண்டும் நீந்துகிறது. அந்த மீனில் பாலமாகும் அதே வகை உயிரணுக்கள் நம்மில் ஏன் சுவராகின்றன என்று இன்று உலகெங்கும் ஆய்வகங்கள் தேடுகின்றன.

இன்னொரு பக்கத்தில், காயத்துக்குக் கீழே உயிரோடு இருக்கும் நரம்புச் சுற்றுகளை மின்தூண்டலால் எழுப்பும் முயற்சி பலன் தரத் தொடங்கியுள்ளது. தண்டுவடத்தின் மேல் பதித்த மின்முனைகளின் உதவியோடு, ஆண்டுக்கணக்கில் செயலிழந்திருந்த சிலர் அடியெடுத்து வைத்ததை 2018-இல் அமெரிக்க, சுவிட்சர்லாந்து ஆய்வுக் குழுக்கள் வெளியிட்டன. என் மாமாவின் கால்களை உதறவைத்த அதே சுற்றுகள்தாம் இங்கே நடைக்குப் பயன்படுகின்றன. அதை எண்ணும்போது மனம் கனக்கிறது.

இச்செய்திகள் வரும்போதெல்லாம், மறுவாழ்வு மருத்துவம் என்பது குணப்படுத்த முடியாத காலத்தின் ஆறுதல் ஏற்பாடு என்றும், நரம்பை வளர்க்கும் மருந்து வந்தால் அதற்கு வேலையிருக்காது என்றும் சிலர் பேசுவதைக் கேட்கிறேன். இது பெரும் பிழை. மின்தூண்டல் பெற்று அடியெடுத்து வைத்தவர்கள் எல்லோரும் மாதக்கணக்கில் கடும் பயிற்சி செய்தவர்கள். பயிற்சி இல்லாமல் அந்தக் கருவி பயன் தருவதில்லை. நாளை ஒரு மருந்து வந்து நரம்பிழைகள் வளர்ந்தாலும், அவை எந்தத் தசையோடு சேர்வது, எந்த அசைவுக்கு எது என்பதை உடல் மறுபடியும் கற்றாக வேண்டும். குழந்தை ஓராண்டில் கற்றதை வளர்ந்தவர் மீண்டும் கற்கவேண்டும். அதற்கு மூட்டு இறுகாமல் இருக்க வேண்டும். தோல் புண்ணாகாமல் இருக்க வேண்டும். சிறுநீரகம் கெடாமல் இருக்க வேண்டும். எல்லாவற்றுக்கும் முன்னால், அவர் உயிரோடு இருக்க வேண்டும். நரம்பை மீட்கும் அறிவியல் என்றேனும் நம் ஊர் வாசலுக்கு வந்தால், மேரி வர்கீஸ் கற்றுத் தந்த முறையில் பேணப்பட்ட உடலுக்கே அது பயன்படும்.

எங்கள் பகுதிக்கு இந்தப் பாடம் தொலைவில் இல்லை. தென்காசி மாவட்டத்திலேயே, ஆய்க்குடியில், 1981-இல் அமர் சேவா சங்கம் தொடங்கப்பட்டது. 1975-இல் கடற்படை அதிகாரிகளுக்கான தேர்வின்போது கழுத்தில் அடிபட்டு, கழுத்துக்குக் கீழே செயலிழந்த பொறியியல் மாணவர் எஸ். ராமகிருஷ்ணன், தனக்குச் சிகிச்சையளித்த மருத்துவரின் பெயரில் தொடங்கிய அமைப்பு அது. அவருக்கும் பின்னாளில் பத்மஸ்ரீ வந்தது. வேலூரில் ஒரு மருத்துவர், ஆய்க்குடியில் ஒரு மாணவர்: இருவரும் அடிபட்ட பிறகே தங்கள் பெரும்பணியைத் தொடங்கியவர்கள். ஆனால் ஒரு துறை முழுவதையும் அடிபட்டவர்களின் மனவலிமையிடம் விட்டுவிட்டு நாம் கைகட்டி நிற்பது நியாயமில்லை. எல்லோரும் மேரி வர்கீஸ் ஆக முடியாது. ஆகவேண்டிய தேவையும் இருக்கக் கூடாது.

சாலை விபத்தில் சிக்கியவர்களுக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சையை இலவசமாக அளிக்கும் திட்டத்தைத் தமிழக அரசு 2021 முதல் நடத்திவருகிறது. அதனால் பிழைத்தவர்கள் ஏராளம். பாராட்ட வேண்டிய திட்டம். தண்டுவடம் முறிந்தவருக்கு உண்மையான சோதனை தொடங்குவது அதற்குப் பிறகு. அறுவை முடிந்து, தையல் பிரித்து, வண்டியில் ஏற்றி ஊருக்கு அனுப்பும் நாளில் அவருடைய வீட்டாருக்கு யார் என்ன சொல்லிக்கொடுக்கிறார்கள்? சென்னை கே.கே. நகரில் அரசின் மறுவாழ்வு மருத்துவ நிலையம் இருக்கிறது. திருவேங்கடத்திலிருந்து ஒருவரைப் படுத்த நிலையில் அங்கே கொண்டுபோக எத்தனை குடும்பங்களால் முடியும்? ஒவ்வொரு மாவட்டத் தலைமை மருத்துவமனையிலும் சில படுக்கைகளாவது தண்டுவடக் காயத்துக்கென ஒதுக்கப்பட வேண்டும். குடும்பத்தாருக்குப் பயிற்சி அளிக்காமல் எந்த நோயாளியையும் வீட்டுக்கு அனுப்பக் கூடாது என்பது விதியாக வேண்டும். மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தின்கீழ் இயன்முறை சிகிச்சை ஏற்கெனவே வீடு தேடி வருகிறது. அந்தப் பணியாளரின் பையில் தண்டுவடக் காயத்துக்கான பாடமும் இடம்பெற வேண்டும். இவற்றில் எதற்கும் பெரும் பொருட்செலவு இல்லை.

சென்ற மாதம் ஊருக்குப் போயிருந்தேன். எங்கள் தெருவுக்கு இரண்டு தெரு தள்ளி, வேம்பிலிருந்து விழுந்த ஓர் இளைஞர் படுத்திருப்பதாகச் சொன்னார்கள். போய்ப் பார்த்தேன். பஞ்சு மெத்தை போட்டிருந்தார்கள். அவருடைய தாய் ஒரு பழைய கடிகாரத்தைக் கட்டிலுக்கு எதிரே மாட்டி வைத்திருந்தார். திருப்பிப் படுக்கவைக்கும் நேரம் தவறாமல் இருக்க என்றார். ஆய்க்குடியிலிருந்து வந்தவர்கள் சொல்லிக்கொடுத்தார்களாம். நான் பேசிக்கொண்டிருக்கும்போதே அந்த இளைஞரின் கால் மடங்கி உதறியது. யாரும் பதறவில்லை, யாரும் அழவில்லை. தாய் எழுந்து, போர்வையை விலக்கி, குதிகாலிலும் இடுப்பிலும் தோல் சிவந்திருக்கிறதா என்று பார்த்தார். பிறகு அவரை இடப்பக்கமாகத் திருப்பிப் படுக்கவைத்தார்.